வலப்பக்கத்துக் கீரி

என் மனைவிக்கு வேலை கிடைத்தது அவளுடைய இடது கையால். மற்றபடி அவளைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நேர்காணல் என்று கூப்பிட்டார்கள், போனாள். மேஸ்திரி ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பழக்கதோஷத்தில் இடது கையால் பேனாவை எடுத்தவள், சட்டென்று நினைவு வந்து வலது கைக்கு மாற்றப் போனாள். "மாத்தாதே, மாத்தாதே!" என்று மேஸ்திரி கிட்டத்தட்டக் கத்தினார். "அந்தக் கையாலேயே போடும்மா." போட்டாள். "நாளையிலேருந்து வந்துடு" என்றார். பிறந்ததிலிருந்து அந்தக் கைக்காகத் திட்டு வாங்கியவள், அன்றிலிருந்து அந்தக் கைக்காகச் சம்பளம் வாங்க ஆரம்பித்தாள்.

இது கடற்படையின் கப்பல் பட்டறை. அதில் ஒரு மூலையில் கப்பல்களுக்குச் சின்னம் செய்யும் பிரிவு இருக்கிறது. அவள் அங்கே மரத்தில் செதுக்குகிறாள். நான் பக்கத்துக் கொட்டகையில் அதைப் பித்தளையில் வார்க்கிறேன். வெளியே யாரிடமாவது இந்த வேலையைச் சொன்னால், "ஓ, பொம்மை வேலையா?" என்பார்கள். ஆமாம், பொம்மை வேலைதான். பீரங்கி வைத்திருப்பவர்களுக்குச் செய்யும் பொம்மை வேலை.

இந்தப் பொம்மைக்கு ஒரு வரலாறு உண்டு. எங்கள் பட்டறையில் சொல்லிவருகிறபடி சொல்கிறேன். மரக்கப்பல் காலத்தில் கப்பலின் மூக்கில் ஒரு முழு உருவம் உட்கார்ந்திருக்கும். சிங்கம், ராணி, தாடி வைத்த வீரன், இப்படி ஏதாவது. இரும்புக் கப்பல் வந்ததும் மூக்கு கத்திபோல ஆகிவிட்டது, ராணி உட்கார இடமில்லை. இறக்கிவிட்டார்கள். இறக்கிய பிறகுதான் மாலுமிகளுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. கப்பலுக்கு முகமே இல்லை. உடனே ஒவ்வொரு கேப்டனும் தன் மனத்துக்குப் பட்டதைப் படகுகளில் வரைய ஆரம்பித்தார். ஒரே கப்பலின் படகுகளில் ஒன்றில் கழுகு, ஒன்றில் கழுகு மாதிரி ஏதோ, ஒன்றில் கோழி. கடைசியில் தலைமையகம் பொறுக்க முடியாமல் ஒரு குழுவைப் போட்டது. சுற்றிலும் முறுக்குக் கயிறு, மேலே பாய்மர உருவமும் கப்பலின் பின்பக்க உருவமும் மாறி மாறிச் செதுக்கிய கிரீடம், கீழே பெயர்ப்பட்டை, நடுவில் ஒரே ஒரு படம். கயிறும் கிரீடமும் எல்லாக் கப்பலுக்கும் பொது. நடுவில் இருக்கும் படம்தான் கப்பலுக்குக் கப்பல் மாறும். அந்தப் படத்தைக் குழு வரைந்து அனுப்பும், நாங்கள் செய்வோம்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. சின்னம் கப்பலின் மூக்குக்குப் பக்கத்தில் இரண்டு புறமும் பொருத்தப்படும். மிருகமாக இருந்தால் இரண்டு புறமும் அது முன்னால் பார்க்க வேண்டும். ஒரே அச்சில் இரண்டு வார்த்து மாட்டினால், ஒரு பக்கத்துச் சிங்கம் எதிரியை நோக்கிப் பாயும், மறுபக்கத்துச் சிங்கம் வீட்டுக்கு ஓடும். போர்க்கப்பலுக்கு இது நல்லதல்ல. ஆகவே ஒவ்வொரு மிருகத்துக்கும் இரண்டு மர அச்சு வேண்டும். இடப்பக்கம் பார்ப்பது ஒன்று, வலப்பக்கம் பார்ப்பது ஒன்று. இரண்டும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்க வேண்டும்.

வலது கைக்காரருக்கு முகம் இடப்பக்கம் பார்ப்பதாக வரைவதுதான் சுலபமாக வரும். சந்தேகமிருந்தால் ஒரு தாளை எடுத்துப் பக்கவாட்டு முகம் ஒன்று வரைந்து பாருங்கள். என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், வலது கைக்காரன். இவள் வருவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் அவனே செதுக்கிக்கொண்டிருந்தான். இடப்பக்கம் பார்க்கும் மிருகமெல்லாம் ராஜா மாதிரி இருக்கும். வலப்பக்கம் பார்ப்பதெல்லாம் வேண்டா வெறுப்பாகக் கல்யாணத்துக்கு வந்தவன் முகம்போல இருக்கும். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். அப்போது மச்சான்தான் சொன்னான்: "எங்க வீட்ல ஒரு பீச்சாங்கை இருக்கு சார். செதுக்கவும் வரும். வேணும்னா கூட்டிட்டு வரேன்."

அந்தப் பீச்சாங்கையைக் கட்டிப்போட்டவனும் அவன்தான். என் மாமியாருக்கு இடது கை என்றால் ஆகாது. பெண்பிள்ளை இடது கையால் சாப்பிட்டால் எவன் கட்டிக்கொள்வான் என்பது அவர் கவலை. சாப்பிடும்போதும் எழுதும்போதும் அந்தக் கையைத் துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடும் பொறுப்பை மகனிடம் கொடுத்திருந்தார். அவன் சொன்னபடி கட்டுவான். ஆனால் வலது கையால் எழுதினால் அவளுக்கு எழுத்தெல்லாம் நடுங்கும். சிலேட்டு நிறைய எழுதிக்கொண்டு போகவில்லையென்றால் வாத்தியார் அடிப்பார். அதனால் அவளுக்குப் பதிலாக இவனே எழுதித் தருவான். அழகாக எழுதினால் மாட்டிக்கொள்வார்கள் என்று, கையை வேண்டுமென்றே நடுங்கவைத்து, அவள் எழுத்துப்போலவே கோணல்மாணலாக எழுதுவான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் மேற்பார்வை பார்ப்பாள். "இன்னும் நடுங்கணும். நான் இவ்ளோ நல்லா எழுத மாட்டேன்" என்பாளாம்.

நான் அவளைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் அச்சைப் பார்த்தவன். மண்ணில் அச்சை அழுத்தி எடுக்கும்போதுதான் செதுக்கியவரின் குணம் தெரியும். ஓரங்களைச் சரியாகச் சாய்க்காமல் செதுக்கியிருந்தால் மண் பிய்ந்துகொண்டு வரும், நாள் முழுக்க நான் வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டு ஒட்டுப்போட வேண்டும். புதிதாக வந்த வலப்பக்கத்து அச்சு ஒரு துளி மண் ஒட்டாமல் எழும்பியது. யார் செய்தது என்று விசாரித்தேன். மச்சானிடம் போய்ப் பெண் கேட்டேன். "கை அப்படித்தான் இருக்கும், பரவாயில்லையா மாப்ள?" என்றான். "கையைப் பார்த்துட்டுத்தான் கேக்கறேன்" என்றேன். மாமியார் அதற்குப் பிறகும் வெகுநாள் நம்பவில்லை.

கல்யாணத்துக்கு மச்சான் ஒரு கட்டில் செய்து கொடுத்தான். பித்தளை ஆறும்போது சுருங்கும். அதனால் அச்சு செய்பவர்களின் அளவுகோலே சாதாரண அளவுகோலைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும், அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் வைத்துச் செய்தது. மச்சான் எங்கள் அறைவாசலைச் சாதாரண டேப்பால் அளந்துகொண்டு போனான். கட்டிலைப் பட்டறைக் கோலால் அளந்து செய்தான். கட்டில் பித்தளையில்லை, சுருங்கவில்லை. அறைக்குள் நுழையாமல் இன்றுவரை கூடத்திலேயே கிடக்கிறது. அவன் மாடி வீட்டில் இருக்கிறான். கீழே வரும்போதெல்லாம் அதில்தான் உட்காருவான். அதைப் பற்றி அவனிடம் யாரும் பேசக்கூடாது.

இவ்வளவு ஒட்டுதலாக இருந்த அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்தியது ஒரு வரையாட்டால். மலைமேல் நிற்கும் அந்த ஆடு ஒரு கப்பலின் சின்னம். ஒரு பெரிய அதிகாரி பட்டறையைப் பார்க்க வந்தார். ஜோடியைப் பார்த்துவிட்டு, "வலப்பக்கத்து ஆட்டுக்கு உயிர் இருக்கு. இடப்பக்கத்து ஆடு கொஞ்சம் தூக்கக் கலக்கத்துல இருக்கு" என்றார். இவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். மச்சானுக்கு முகம் செத்துப்போயிற்று. "என்ன இருந்தாலும் பீச்சாங்கை வேலை சார். மேலாகப் பார்த்தா பளபளன்னுதான் இருக்கும்" என்றான், எல்லார் எதிரிலும். அவள் உளியை மேசையில் வைத்தாள். "கட்டிப்போட்டப்பக்கூட நீ இந்தக் கையை இப்படி இளக்காரமாச் சொன்னதில்லை" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு வருடங்கள் ஓடிவிட்டன.

பேச்சு இல்லையென்றால் விலகி உட்காரலாம் என்று நினைப்பீர்கள். முடியாது. அறைக்கு ஒரே ஜன்னல். செதுக்கும் கையின் நிழல் வேலைமேல் விழக்கூடாது. வலது கைக்காரனுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும், இடது கைக்காரிக்கு வலப்பக்கத்திலிருந்து. ஒரே ஜன்னலில் இது நடக்க வேண்டுமானால் இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தால்தான் உண்டு. ஆக, முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சாயங்காலம் படிக்கட்டில் என்னிடம் சொல்வான். "உன் பெண்டாட்டிகிட்ட சொல்லு, பெரிய வெட்டுளியை எடுத்தா எடுத்த இடத்துல வைக்கணும்னு." நான் உள்ளே போய்ச் சொல்வேன். "மாடிக்காரர்கிட்ட சொல்லுங்க, அது என் உளின்னு" என்பாள். நான் மறுபடி படியேறுவேன். என் முழங்கால் கெட்டது இந்தச் சண்டையால்தான்.

இதனால் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் சோதனை அதிகாரி. மர அச்சுகள் வார்ப்புக்கு வருவதற்கு முன் அவர் பார்த்து முத்திரை போட வேண்டும். சவரக்கடையில் இருப்பதுபோன்ற கண்ணாடி ஒன்று அவரிடம் உண்டு. படத்தை வைத்து உருவமும் அளவும் சரிபார்த்த பிறகு, இடப்பக்கத்து அச்சைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்துவார். கண்ணாடிக்குள் தெரிவதையும் பக்கத்தில் இருக்கும் வலப்பக்கத்து அச்சையும் மாறி மாறிப் பார்ப்பார். மயிரிழை பிசகினாலும் திருப்பிவிடுவார். அதற்கு அவர் ஒரு நியாயம் வைத்திருந்தார். "படம் தட்டையா இருக்கு. கண்ணோட பார்வை, முடியோட ஓட்டம் எல்லாம் படத்துல வராது. செதுக்கறவங்க பேசி வச்சிக்கிட்டா ரெண்டு பேரும் ஒரே தப்பைப் பண்ணிடலாம். இவங்கதான் பேசறதே இல்லையே? பேசிக்காத ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி வந்தா, அதுதான் சரி." அண்ணன் தங்கை சண்டையை அரசாங்கத் தரச்சான்றாக ஆக்கிய ஒரே மனிதர் அவர்.

போன வருடம் வந்த நாரைச் சின்னத்தில் அவர் மச்சானைப் பிடித்துவிட்டார். கழுத்து ஒரே வளைவாக வர வேண்டியது, இரண்டு இடத்தில் கோணியிருந்தது. மச்சான் மரத்தில் முடிச்சு என்றான். அதிகாரி நம்பவில்லை. "இன்னொரு தடவை ஜோடி பிசகினா நீங்க கயிற்றுக் கிடங்குக்குப் போயிடுங்க. உக்காந்த இடத்துல வேலை, கஷ்டமில்லை" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். மச்சானுக்கு அது தூக்குத்தண்டனை. உளி பிடிப்பதைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தெரியாது. கோபம்கூட ஒழுங்காகப் படத் தெரியாது.

அப்போதுதான் கீரி வந்தது. கண்ணிவெடி வாரும் சின்னக் கப்பல் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்கடியில் ஒளிந்திருப்பதைத் தேடிப் பிடிப்பது அதன் வேலை என்பதால் குழு அதற்குக் கீரி என்று பெயர் வைத்துவிட்டது. முன்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும் கீரி. பட்டறை முழுக்க ஒரே சிரிப்பு. "கீரி சரி, பாம்பு யாரு?" என்று மேசையைத் தாண்டிப்போன ஒவ்வொருவனும் கேட்டான். இரண்டு பேரும் காதில் வாங்காததுபோல் மரத்தை எடுத்தார்கள்.

கீரிக்கு உடம்பெல்லாம் முடி. ஒவ்வொரு முடியும் ஒரு கீறல். கை கொஞ்சம் ஆடினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டில் என் மனைவிக்கு அந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. நான் செருப்பை வைத்த இடம் தப்பு, தும்மிய விதம் தப்பு. ஒருநாள் சம்பந்தமே இல்லாமல், "அண்ணி ஏதாவது சொன்னாங்களா? மாடியில அவன் டீ எதுல குடிக்கிறான்?" என்றாள். வருடக்கணக்கில் அவனைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். டம்ளரில்தான் குடிப்பான், வேறெதில் குடிப்பான் என்றேன். "முழுசா ஊத்தறாங்களா, பாதியா?" எனக்கு எரிச்சல் வந்தது. மறுநாள் படிக்கட்டில் மச்சான் மனைவியைப் பார்த்தபோது கேட்டே விட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பாதிதாண்ணே. முழுசா ஊத்தினா சிந்திடுது" என்றார். நரம்பு டாக்டரிடம் போய்விட்டு வந்தார்களாம். மாத்திரை கொடுத்திருக்கிறாராம், கேட்பதற்குக் கொஞ்ச நாள் ஆகுமாம், அதுவரை உளியைத் தொடாதே என்றாராம். "தொடாம இருந்தா கயிற்றுக் கிடங்குக்கு அனுப்பிடுவாங்கன்னு சொல்றாரு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. முக்கியமா அவகிட்ட."

சொன்னேன். என் வாயில் எது நின்றிருக்கிறது? அவள் தலையை மட்டும் ஆட்டினாள். "எனக்குத் தெரியும். எதிர்ல உக்காந்திருக்கேன் இல்ல?" என்றாள்.

சோதனைக்கு முதல் நாள் மதியம் மச்சான் என் கொட்டகைக்கு வந்தான். இடப்பக்கத்துக் கீரியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான்.

"மாப்ள, மெழுகு வச்சு ஏதாவது பண்ண முடியுமா?"

துணியைப் பிரித்தேன். உடம்பின் கட்டு, தூக்கிய கால், வாலின் வீச்சு எல்லாம் பழைய மச்சான்தான். ஆனால் முடியெல்லாம் காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கியது. கண்ணில் உளி வழுக்கி, விழியின் மேல்பாதி சீவப்பட்டிருந்தது. கீரி ஒரு கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நின்றது. மெழுகை உருக்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். கண்ணில் பூளை தள்ளியதுபோல இருந்தது. சுரண்டி எடுத்துவிட்டேன்.

"முடியாது மச்சான்."

"சரி விடு" என்றான். "கிடங்கும் அப்படியொண்ணும் மோசமில்லை. காத்து வரும்." அங்கே காற்று வராது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அச்சை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு மனம் கேட்கவில்லை. கட்டிலைத் தப்பாகச் செய்தவனாக இருந்தாலும் மச்சான் மச்சான்தானே.

அன்று சாயங்காலம் அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவளிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவள் வாங்கிப் பார்த்தாள். முடியின்மேல் கட்டைவிரலை ஓட்டினாள். பிறகு தன் பையிலிருந்து தன் கீரியை எடுத்து வெளியே வைத்தாள். அவளும் கொண்டுவந்திருந்தாள்.

அவள் கீரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் செதுக்கியதில் அதுதான் சிறந்தது. நான் புருஷன் என்பதால் சொல்லவில்லை, வார்ப்புக்காரன் என்பதால் சொல்கிறேன். ஒவ்வொரு முடியும் தனித்தனியாக எழும்பி நின்றது. கண், பார்ப்பவனைக் கடந்து பின்னால் எதையோ பார்த்தது. கூடுதலாக ஒன்று வார்த்துத் தலைமையகக் கூடத்தில் மாட்டலாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாளாகத் தலையை வாரும்போது பாடிக்கொண்டிருந்தாள்.

அண்ணனின் கீரியை அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினாள். தன்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். சின்ன உளியை எடுத்தாள்.

"என்ன பண்ணப் போற?"

"ஜோடி சேர்க்கப் போறேன்."

"அவன் அச்சை இதுமாதிரி ஆக்க முடியாதே?"

"முடியாது. வெட்டின மரத்தை எங்கேருந்து கொண்டுவர்றது? இதை அதுமாதிரி ஆக்கலாம்."

எனக்கு ஆத்திரம் வந்தது. "எல்லார் முன்னாலயும் பீச்சாங்கைன்னு சொன்னவனுக்காக இதைக் கெடுக்கப் போறியா? உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன். அவள் கண்ணாடியில் தெரிந்த கீரியின் அரைக்கண்ணைப் பார்த்தாள், தன் கீரியின் முழுக்கண்ணைப் பார்த்தாள். அதற்கு ஒரே ஒரு வெட்டு போதும். அந்த ஒரு வெட்டுக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்து தீய்ந்துபோயிற்று. நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பியபோது விழியின் மேல்பாதி தரையில் கிடந்தது.

அடுத்தது முடி. இடது கையால் ஒரு கீறல் நடுக்கிப் பார்த்தாள். கண்ணாடியில் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். அந்தக் கைக்கு நடுங்கத் தெரியவில்லை. நடுங்குவதைக்கூட அழகாகச் செய்தது, அலை அலையாக, ஓரத்தில் போட்ட பூவேலை மாதிரி. இன்னொன்று பார்த்தாள், அதுவும் அப்படியே. "அவன் எப்படித்தான் எழுதினானோ!" என்று முணுமுணுத்தாள். பிறகு உளியை வலது கைக்கு மாற்றினாள்.

அந்தக் கையில் அவள் உளி பிடித்து நான் பார்த்ததில்லை. மாமியார் வளர்த்த கை அது. மரத்தைத் தொட்டதுமே நடுங்கியது. இடது கையின் விரலால் உளியின் நுனியை இடம்பார்த்து நிறுத்தி, வலது கையால் தள்ளினாள். கண்ணாடியைப் பார்த்தாள். அச்சு அசலாக அண்ணனின் முடி. அதற்குப் பிறகு அவள் தலை நிமிரவில்லை. ஒவ்வொரு முடியாக, தன் நல்ல முடியின்மேல் கெட்ட முடியை வெட்டிக்கொண்டே போனாள். ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷம் என்றாள். நான் தீய்ந்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சோதனை. நான் முன்னதாகவே போய் மச்சானின் அச்சை அவன் மேசையில் வைத்துவிட்டேன். முத்திரை விழுந்தால் அச்சுகளைக் கொட்டகைக்கு எடுத்துப்போக வேண்டும் என்ற சாக்கில் ஓரமாக நின்றேன். அண்ணனும் தங்கையும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் தன் கைப்பையை ஏற்கெனவே கட்டி வைத்துவிட்டான். அவன் அவளுடைய கீரியைப் பார்க்கவில்லை. துணி போட்டு மூடியிருந்தது.

அதிகாரி வந்தார். படத்தை வைத்து அளந்தார். கயிற்று வட்டத்துக்குள் உட்காருமா என்று பார்த்தார். பிறகு இடப்பக்கத்துக் கீரியைக் கண்ணாடிக்கு முன் நிறுத்தினார். அவர் புருவம் உயர்ந்தது. மச்சான் தரையைப் பார்த்தான். அதிகாரி வலப்பக்கத்துக் கீரியின் துணியை எடுத்தார். கண்ணாடியைப் பார்த்தார், கீரியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முடிக்கு முடி விரலை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது கொஞ்சம் குளிர்ல நிக்கற கீரி மாதிரி இருக்கு" என்றார்.

கீரியைத் தன் முகத்துக்கு நேராகத் தூக்கினார்.

"ஒரு கண்ணைச் சுருக்கிக்கிட்டு இருக்கு. குறி பார்க்குதுபோல." இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேசிக்காத ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி வந்திருக்கு. அப்போ இதுதான் சரி."

இரண்டின் முதுகிலும் முத்திரையைக் குத்திவிட்டு வெளியே போனார்.

மச்சான் மெதுவாகக் கையை நீட்டி வலப்பக்கத்துக் கீரியை எடுத்தான். அவன் கையில் அது ஆடியது. ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். கண்ணைத் தடவினான். முடியைத் தடவினான், முதுகிலிருந்து வால்வரைக்கும். அடியில் புதைந்துபோன நல்ல முடியின் சுவடு அவன் விரலுக்குத் தெரிந்திருக்கும், எனக்கே தெரிந்ததே. அவன் தாடை இறுகியது. அழப் போகிறான் என்று நினைத்தேன்.

"பாப்பா" என்றான். அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான், பேசிக்கொண்டிருந்த காலத்தில். "வால்கிட்ட நடுக்கம் பத்தல."

என் மனைவி முகத்தைச் சட்டென்று ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அங்கேயே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"உனக்கு மட்டும் நடுங்கத் தெரிஞ்சுதா? சிலேட்டுல எழுத்துதான் நடுங்கும். நீ வைக்கற புள்ளியெல்லாம் ஜம்முனு நிக்கும். வாத்தியாருக்கு முதல் நாளே தெரியும்."

"தெரியுமா?" மச்சானுக்கு வாய் பிளந்துவிட்டது. "தெரிஞ்சா ஏன் அடிக்கல?"

"யாருக்குத் தெரியும்? அவருக்கும் ஒரு தங்கச்சி இருந்திருக்கும்."

கதவு திறந்தது. சோதனை அதிகாரி நின்றுகொண்டிருந்தார். தன் சவரக்கடைக் கண்ணாடியை மேசையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?" என்றார்.

"இல்ல சார்" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில்.

அவர் உள்ளே வந்து கண்ணாடியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மச்சான் கட்டி வைத்திருந்த பையைப் பார்த்தார், அவன் கையில் ஆடிக்கொண்டிருந்த கீரியைப் பார்த்தார், என் மனைவியின் ஈரக் கண்ணைப் பார்த்தார். "நல்லது" என்றார். "வேலை நேரத்துல மட்டும் பேசிடாதீங்க. சோதிக்க எனக்கு வேற வழி தெரியாது."

ஆகவே இப்போதும் பட்டறையில் அவர்கள் பேசுவதில்லை. சாயங்காலம் மச்சான் கீழே இறங்கி வந்து அந்தக் கட்டிலில் உட்காருவான். அவள் அவனுக்குப் பாதி டம்ளர் டீ கொடுப்பாள், குடித்ததும் மீதிப் பாதியை ஊற்றுவாள். அன்று முழுக்க எதிரெதிரே உட்கார்ந்து அடக்கி வைத்ததை மொத்தமாகப் பேசித் தீர்ப்பார்கள். என் முழங்காலுக்கு ஓய்வு, காதுக்குத்தான் இல்லை. அடுத்த கப்பலுக்குக் குழு ஆமை என்று பெயர் வைத்திருக்கிறது. படம் வந்த அன்று சாயங்காலம் மச்சான் கட்டிலில் உட்கார்ந்து அதைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பார்த்தான்.

"முடி இல்ல, பாப்பா" என்றான்.